செந்தண்ணி நல்லதுக்கில்லை

நீதிமன்ற மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நடைமுறை சொல்லிக்கொடுக்க நான் சரியான ஆள் இல்லை. எந்தப் படிவம், எத்தனை பிரதி, எங்கே முத்திரை என்பதெல்லாம் நான் ஓய்வு பெற்ற பிறகு மாறிவிட்டன. என்னிடம் இருப்பது ஒரு தவறு. அதைச் செய்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியவன் என்ற நினைப்பு எப்போதும் எனக்கு ஒரு முழம் முன்னால் நடந்துகொண்டிருந்தது. அந்தத் தவறால் ஒரு மனிதர் பதினோரு நாள் சிறையில் கிடந்தார். ஒரு ஊரே தண்ணீரில் போயிருக்கும். போகவில்லை என்பதற்கு நான் காரணமில்லை. யார் காரணம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரம். நீதிமன்றக் காரியங்கள் தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். ஆங்கிலத்தில் எந்த ஆவணம் வந்தாலும் அதைத் தமிழாக்கி, கீழே ‘சரியான மொழிபெயர்ப்பு’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, வழக்குக் கட்டின் மேல் வைக்க வேண்டும். அதுதான் என் வேலை. இன்னும் பணி நிரந்தரமாகவில்லை.

ஐப்பசி பிறந்த சமயம் ஒரு நாள் காலையில் தலைமைக் காவலர் ஒருவர் ஒரு கடிதத்தோடு வந்தார். இரண்டு பக்கக் கடிதம். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியைச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டிருந்தார்கள்.

“சார், இந்த ஒரு வரி போதும். ரிமாண்டுக்கு நேரமாவுது” என்றார். பிறகு குனிந்து, “கைநாட்டு ஆளு சார். ஆனா பாருங்க, இங்கிலீஷ்லயே ‘போடுறேன்’னு எழுதி அனுப்பிக்கினு இருக்கான்!” என்று சிரித்தார்.

கோடிட்ட வரியில் ‘போட்’ (bode) என்றொரு ஆங்கில வினைச்சொல் இருந்தது. அவர் அதைத் தமிழ்க் காதால், ஆளையே போட்டுவிடுவேன் என்பதாகக் கேட்டிருந்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்த வரியைப் படித்தேன். படிக்கும்போதே எனக்குள் ஒரு தீர்மானம் உட்கார்ந்துவிட்டது, இது மிரட்டல் கடிதம் என்று.

அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படகைக் குறிக்கும் சொல் அல்ல இது. இனி நடக்கப்போவதற்கு இப்போதே ஒரு குறி தெரிகிறது என்பதைச் சொல்லும் பழைய வினை. கார்மேகம் திரண்டால் அது விளைச்சலுக்கு நல்லதைக் காட்டுகிறது என்பார்கள். வியாபாரம் படுத்தால் அது வேலையாட்களுக்குக் கெட்டதைக் காட்டுகிறது என்பார்கள். அங்கெல்லாம் இந்த வினை வரும். நாம் சகுனம் என்று பெயர்ச்சொல்லாகச் சொல்வதை அவர்கள் ஒரு வினையாகவே வைத்திருக்கிறார்கள்.

என் மேஜையில் தடித்த அகராதி இருந்தது. நான் புரட்டவில்லை. தெரிந்த சொல்தானே! கோடிட்ட வரி ‘இது’ என்று தொடங்கி, ‘மழைக்கு முன் கவனிக்காவிட்டால்’ என்று நடந்து, அந்நாள் மனு வழக்கப்படி ‘தங்கள் சமூகத்துக்கு’, அதாவது தங்களுக்கு, என்று மரியாதையோடு முடிந்திருந்தது. நான் இப்படி எழுதினேன்: ‘மழைக்கு முன் இதைக் கவனிக்காவிட்டால் உங்களுக்கு நல்லது நடக்காது.’

இதை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வீட்டு வாசலில் நின்று யாராவது இப்படிச் சொன்னால் நீங்கள் கதவைத் தாழ் போட்டுக்கொள்வீர்கள். ஒவ்வொரு சொல்லும் சரி; மொத்தமும் தவறு. அந்த ‘இது’ எது என்று பார்க்க முதல் பக்கத்தைத் திருப்பியிருக்க வேண்டும். திருப்பவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஐந்து நிமிட வேலை.

கடிதம் அனுப்பியவர் பெயர் ஏகாம்பரம். தென்னேரிக்கு அப்பால் ஒரு ஊரில் நீர்க்கட்டி. ஏரி மதகைத் திறப்பது, மூடுவது, கழனிகளுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவது, கரையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு. நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் ஊரில் இருந்தன. ஏகாம்பரம் நிலமில்லாத காலனிக்காரர். ஊர்த் தண்ணீர் முழுவதும் அவர் கையில் இருந்தது, குடிக்கிற கிணறு மட்டும் வேறு.

கடிதம் போனது ஏரி மராமத்து அதிகாரி ஒருவருக்கு. அவர் வெளி மாநிலத்தில் படித்து வளர்ந்தவர். தமிழ் ஓரளவு பேசுவார், படிக்க வராது. அதனால்தான் கடிதம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அவர் அதை மற்ற மனுக்களோடு சேர்த்து வைத்துவிட்டார். சில நாள் கழித்து அந்த ஊர் வழியாக அவருடைய ஜீப் போனபோது யாரோ கல் எறிந்து கண்ணாடி உடைந்தது. அப்போதுதான் அவருக்குக் கடிதத்தின் கடைசி வரி ஞாபகம் வந்தது. புகார் கொடுத்தார். ஏகாம்பரத்தைப் பிடித்து வந்தார்கள். என் ஒரு வரி ரிமாண்டு அறிக்கையின் மேல் போய் உட்கார்ந்தது. ஜாமீன் நிற்க ஊரிலிருந்து ஆள் வரவில்லை. அதிகாரியைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை.

மாஜிஸ்திரேட்டுக்கு ஆங்கிலம் தெரியாதா என்று கேட்பீர்கள். என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை கட்டுகள்! மேலே கையெழுத்திட்ட தமிழ் இருக்கும்போது அடியில் தைத்திருக்கும் மூலத்தை யார் புரட்டுவார்கள்? நம் கையெழுத்து மற்றவர்களின் கண்களை மூடிவிடும். அதை நான் அப்போது அறியவில்லை.

விசாரணை நாள் வந்தபோது மூன்று நாளாக மழை. காஞ்சிபுரம் தெருக்களில் கணுக்கால் தண்ணீர். பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழிகளில் ஊற்றெடுத்து, வீடு வீடாக இறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நீதிமன்றம் போய்ச் சேர்ந்தேன். சிறையிலிருந்து ஏகாம்பரத்தைக் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. காலில் செருப்பில்லை. பாதங்கள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் அகன்று இருந்தன, சேற்றில் நடந்தே விரிந்தவை.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஆவணத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தேன்.

“அய்யா, மறுபடி ஒரு வாட்டி படிங்க” என்றார்.

படித்தேன்.

“‘உங்களுக்கு’ன்னு நான் சொல்லவே இல்லீங்களே” என்றார் ஏகாம்பரம். கோபமில்லை, ஒரு பொருளை வைத்த இடத்தில் காணாதவர் பேசுவதுபோல் பேசினார். “இது நல்லதுக்கில்லைன்னு சொன்னேன். அவருக்குன்னு சொல்லலீங்க.”

“எது நல்லதுக்கில்லை?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

“செந்தண்ணிங்க. கரை அடியில, புளியமரத்துக்கு நேரா கசிஞ்சிக்கினு இருக்குது. தெளிவா கசிஞ்சா பயமில்லீங்க. எந்த ஏரிக் கரையும் கொஞ்சம் வேர்க்கும். செவப்பா வந்தா உள்ள இருக்கிற மண்ணு கரைஞ்சி வருதுன்னு அர்த்தம். வெளியில இருந்து பார்த்தா கரை அப்படியே நிக்கும். உள்ள எலிவளை மாதிரி ஆயிருக்கும். அதத்தான் எழுதச் சொன்னேன்.” சற்று நிறுத்திவிட்டு, “ஒண்ணு கேக்கலாங்களா? நம்ம ஊர்ப் பக்கம் மழை எவ்ளோ? கலங்கல் மேல சொருகின பலகைய யாராச்சும் எடுத்தாங்களா?” என்றார்.

ஏரி நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் இடம் கலங்கல். இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டும் என்று அதன் மேல் பலகை சொருகுவார்கள். பெருமழை வந்தால் அதை எடுப்பது நீர்க்கட்டியின் வேலை. நீர்க்கட்டி கூண்டில் நின்றுகொண்டிருந்தார்.

தன் வழக்கைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. கட்டின் அடியில் தைத்திருந்த கடிதத்தின் முதல் பக்கத்தை அப்போதுதான் திருப்பினேன். முழுப் பக்கமும் தண்ணீர். கசிவு எங்கே, என்ன நிறம், எப்போதிலிருந்து, எவ்வளவு. கடைசிப் பத்தியில்தான் ‘இது’ வந்தது. இது என்றால் அந்தச் செந்தண்ணி. கரை உடையப் போவதை முன்கூட்டிச் சொல்ல வந்த ஒரு மனிதரை நான் மிரட்டல்காரராக்கி உள்ளே அனுப்பியிருந்தேன். அவர் உள்ளே இருந்ததால் பலகையை எடுக்க ஆளில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

மாஜிஸ்திரேட் வாய்தாவுக்குத் தேதி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் தள்ளிப்போகும். இரண்டு எண்ணங்கள் எனக்குள் ஒரே சமயத்தில் ஓடின. எழுந்து சொன்னால் என் வேலை போகலாம். கையெழுத்திட்ட சான்று பொய் என்று நானே சொல்வதாகும். மாலையில் அவருடைய அறைக்குப் போய்த் தனியாகச் சொல்லலாமே என்பது இரண்டாவது எண்ணம். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மாலை வரை மழை காத்திருக்காது. எழுந்துவிட்டேன்.

“அய்யா, என் மொழிபெயர்ப்பு தவறு என்று நினைக்கிறேன்.”

“நினைக்கிறீரா, தவறா?”

“தவறு.”

அவர் பேனாவை மூடினார். “அப்படியானால் சரி எது?”

“கடிதத்தை எழுதியவர் எதிர்ச் சாரியில்தான் உட்கார்ந்திருப்பார். அவரைக் கேட்டுவிட்டுச் சொல்வது நல்லது” என்றேன்.

கடிதத்தை எழுதியவர் தாமோதரன்; அவர் கையெழுத்து எனக்குப் பழக்கம். முத்திரைத்தாள் விற்கும் கடை வராந்தாவில் உட்கார்ந்து மனு எழுதுபவர். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். முந்தின நாள் ஆங்கிலப் பத்திரிகையை ஓட்டலிலிருந்து வாங்கி வந்து படிப்பார். அவர் எழுதும் ஆங்கிலத்தைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் நான் எத்தனையோ முறை நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன். அவரும் அதை அறிவார்.

கூப்பிட்டதும் குடையைக்கூட எடுக்காமல் நனைந்துகொண்டே வந்தார். கையில் துணியில் சுற்றிய ஒரு நோட்டுப் புத்தகம். நடப்பதை மாஜிஸ்திரேட் சொன்னார். தாமோதரன் முதலில் ஏகாம்பரத்தைப் பார்த்தார். “பெரியவரே, நீங்களா? இவ்ளோ நாளா உள்ளயா இருந்தீங்க?” என்றார். அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

“அவர் உம்மிடம் என்ன சொன்னார்?”

“‘செந்தண்ணி வந்துக்கினு இருக்குது, இது நல்லதுக்கில்லை’ன்னாருங்க. ஆபத்துன்னு எழுதட்டுமான்னு கேட்டேன். ‘ஆபத்து இன்னும் வரல, வரப்போறதுக்கு அடையாளம் வந்திருக்குது’ன்னாரு. அதுக்குச் சரியா ஒரு வார்த்தை வேணும்னு தேடித்தான் இதைப் போட்டேன்.”

“இந்தச் சொல் மிரட்டுவதற்கு வராதா?”

தாமோதரன் துணியைப் பிரித்து நோட்டைத் திறந்தார். பக்கத்துக்கு ஒரு சொல். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே பத்திரிகையிலிருந்து எடுத்தெழுதிய வாக்கியங்கள், நாலைந்து. இந்தச் சொல்லுக்கும் ஒரு பக்கம் இருந்தது. மழை நிலக்கடலைக்கு நல்லதைக் காட்டியது, ஒரு ஆட்டக்காரரின் முழங்கால் வலி அணிக்குக் கெட்டதைக் காட்டியது, இன்னும் இரண்டு.

“பாருங்கய்யா, எல்லாத்துலயும் ஏதோ ஒரு பொருள்தான் இந்த வேலையைச் செய்யுது. மழை, வலி, விலைவாசி. எங்கயும் ஆளு செய்யல. நான் பார்த்த வரைக்கும் ‘நான் உனக்கு’ன்னு ஆரம்பிச்சி இந்த வார்த்தை வரவே இல்லீங்க. இங்க இதைச் செய்யறது செந்தண்ணி.” பிறகு கொஞ்சம் தயங்கி, “நம்ம ஊர்ல பல்லி சொல்லுச்சுன்னு சொல்றோம். பல்லி சொன்னதைப் பக்கத்துல இருந்தவன் எடுத்துச் சொன்னா, அவனையா புடிச்சி உள்ள வெக்கிறது?” என்றார்.

வரதராஜர் கோயில் தங்கப் பல்லியைத் தொடாத ஆள் அந்த அறையில் இல்லை. மாஜிஸ்திரேட் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது.

“‘தங்கள் சமூகத்துக்கு’ என்று இருக்கிறதே?”

தாமோதரன் தலையைக் குனிந்தார். “அது என் தப்புங்க. அவர் சொல்லல. மனுன்னா வரிக்கு வரி மரியாதை வேணும்னு நானா சேர்த்தேன். அதனாலதான் அவர் மேல திரும்பின மாதிரி ஆயிடுச்சு. இதுக்காக என்னை இங்க உட்காரக் கூடாதுன்னாலும் சரிங்க, அவரை விட்டுடுங்க.”

என்னிடம் அகராதி இருந்தது. அவரிடம் வாக்கியங்கள் இருந்தன. ஒரு சொல் யாரோடு சேரும், யாரோடு சேராது என்பதை அவர் பழைய பத்திரிகைகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்திருந்தார். அதைவிட முக்கியம், எழுதுவதற்கு முன் அவர் கேட்டிருக்கிறார். ‘ஆபத்துன்னு எழுதட்டுமா’ என்ற அந்தக் கேள்வியை இத்தனை வருடமாக நினைத்து நினைத்து வியக்கிறேன். நான் யாரையும் எதையும் கேட்கவில்லை. அவர் சேர்த்த மரியாதையில் பிசகு இருக்கலாம். தேர்ந்தெடுத்த வினையில் மயிரிழைப் பிசகும் இல்லை.

மாஜிஸ்திரேட் கடிதத்தின் முதல் பக்கத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். சாட்சி சொல்ல வந்து உட்கார்ந்திருந்த அதிகாரியிடம் நீட்டினார்.

“இந்த இடத்தை நீங்கள் பார்த்தீர்களா?”

“என்னிடம் ஏரிகள் நிறைய. எல்லா மனுவிலும் ஆபத்து என்றுதான் எழுதுகிறார்கள்” என்றார் அதிகாரி. ஆனால் பக்கத்தைப் படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கியது. கசிவின் நிறத்தைச் சொல்லும் வரியில் விரல் நின்றுவிட்டது. அவர் படித்த பொறியாளர். அதன் பொருள் அவருக்குப் புரியாமல் இல்லை.

“வழக்கு அடுத்த வாரம் வரை இருக்கும். ஏரி இருக்குமா?” என்றார் மாஜிஸ்திரேட்.

ஏகாம்பரத்தைச் சொந்தப் பொறுப்பில் விட்டார்கள். கண்ணாடிக்குப் பதிலாகச் சாக்குத் தொங்கிய அதே ஜீப்பில் அதிகாரியும் ஏகாம்பரமும் ஏறினார்கள். மாஜிஸ்திரேட் என்னைக் கூப்பிட்டு, “நீரும் போம். அவருக்குத் தமிழ் சரியாக வராது, இவருக்கு ஆங்கிலம் வராது. இந்தத் தடவை கேட்டுவிட்டுச் சொல்லும்” என்றார். என்னைத் திட்டவில்லை. அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை, சொன்னால் வெட்கப்படுவார். அவரிடம் நான் கற்ற மரியாதை அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏரி கடல்போல் நின்றது. ஏகாம்பரம் ஜீப் நிற்பதற்குள் குதித்துக் கலங்கலை நோக்கி ஓடினார். பலகைகள் சொருகியபடியே இருந்தன. கரையில் கூடி நின்ற ஊர்க்காரர்களைப் பார்த்துக் கத்தினார்: “வேடிக்க பார்த்துக்கினு நிக்கிறீங்களே! புடுங்குங்கபா!”

அந்த ஊரில் அவர் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். ஒரு கணம் யாரும் அசையவில்லை. பிறகு கழனிக்காரர் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள். கலங்கலில் தண்ணீர் பாயத் தொடங்கியது.

புளியமரத்துக்கு நேரே கரையின் அடிவாரத்தில் தண்ணீர் கசியவில்லை, கொதித்தது. உலைபோல் கொப்பளித்து, செம்மண் குழம்பாக வழிந்தது. அதிகாரி அதைப் பார்த்ததும் வெளிறிப்போனார். “களிமண் கொண்டுவாருங்கள், உடனே அடைக்க வேண்டும்” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் தமிழில் சொன்னேன். ஏகாம்பரம் இரண்டு கைகளையும் குறுக்கே நீட்டினார். “வேணாங்க! வேணாம்! கட்டணும்!”

கட்டணும். தண்ணீரைக் கட்டு என்றால் நிறுத்து, தடு என்றுதான் பொருள். அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் அதிகாரி சொன்னதும் இவர் சொன்னதும் ஒன்றாகிவிடும். ஆனால் இவர் கைகளால் மறித்து நிற்கிறார். அதிகாரி, “என்ன சொல்கிறார்? என்ன சொல்கிறார்?” என்று கத்தினார். நான் அவருக்குப் பதில் சொல்லாமல் ஏகாம்பரத்திடம் திரும்பினேன்.

“கட்டணும்னா அடைக்கணும்னா?”

“இல்லீங்க! அடைச்சா வேற எடத்துல பிச்சிக்கும். சுத்திக் கட்டணும். கெணத்துக்குச் சுவர் வெக்கிற மாதிரி.”

“தண்ணி வரட்டுமா?”

“வரட்டுங்க. தண்ணி வரட்டும், மண்ணு வரக்கூடாது. சுத்தி மூட்டை அடுக்கி, உள்ள மணலும் ஜல்லியும் கொட்டணும்.”

“தண்ணி வரட்டும், மண்ணு வரக்கூடாது. சுத்திக் கட்டணும், அடைக்கக் கூடாது. சரிதானே?”

“அதேதாங்க!”

மூன்று கேள்விகள். அவை முடியும்வரை அந்த இடம் கொப்பளித்துக்கொண்டேதான் இருந்தது. பிறகு அதிகாரியிடம் சொன்னேன். அவர் ஏகாம்பரத்தைப் பார்த்தார். “இது எங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது” என்றார் மெல்ல. “நான் செய்து பார்த்ததில்லை. இவர் சொல்வதுதான் சரி. இவர் சொல்லட்டும், எல்லோரும் செய்வோம்.”

கோபமும் வழக்கும் கொண்டு அந்த நாளைத் தொடங்கிய மனிதர் அவர். பூட்சைக் கழற்றி எறிந்துவிட்டுச் சேற்றில் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். பள்ளிக்கூடம் கட்டக் கொட்டி வைத்திருந்த மணலையும் ஜல்லியையும் பெண்கள் கூடை கூடையாகச் சுமந்து வந்தார்கள். காலனியிலிருந்தும் வந்தார்கள், ஊரிலிருந்தும் வந்தார்கள். வீட்டுக்கு வீடு நெல் மூட்டைச் சாக்குகளை உதறிக் கொடுத்தார்கள். நடுவில் ஏகாம்பரம் நின்று, இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

பொழுது சாயும்போது, அடுக்கிய மூட்டைகளின் நடுவே தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு நின்றது. கொதிப்பு அடங்கியிருந்தது. ஏகாம்பரம் ஒரு பித்தளைச் சொம்பில் அதை மொண்டு எல்லோருக்கும் காட்டினார். அடி தெரிந்தது. அதிகாரி அந்தச் சொம்பைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

மழை இன்னும் நான்கு நாள் பெய்தது. கரை நின்றது. கோடையில் ஏரி வற்றியதும் அந்த இடத்தை வெட்டிப் பார்த்தபோது, உள்ளே ஆள் தவழ்ந்து போகுமளவுக்குக் குடைந்திருந்ததாம். வேலையை முன்னின்று நடத்திய அதிகாரியே என்னிடம் வந்து சொன்னார். புகாரை அவர் திரும்பப் பெற்றார். கல் எறிந்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தாமோதரனை அந்த வராந்தாவை விட்டு யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. அந்த வாரத்திலிருந்து சந்தேகம் வந்த சொல்லுக்கெல்லாம் நான் எதிர்ச் சாரிக்குப் போய் அவர் நோட்டைப் பார்த்தேன். ஒரு நாளும் பழையதைச் சொல்லிக் காட்டாமல் பக்கத்தைத் திறந்து நீட்டினார். என் வேலையும் போகவில்லை. வழக்குக் கட்டில் என் பழைய வரியை அடித்து, அருகில், ‘கரையில் கசியும் இச்செந்நீர், மழைக்கு முன் கவனிக்கப்படாவிடில், வரப்போகும் கேட்டுக்கு அறிகுறியாகும்’ என்று எழுதி, தவறு என்னுடையது என்று குறித்துக் கையெழுத்திட்டேன்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதை நான் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கோடிட்ட வரியை மட்டும் யாராவது நீட்டினால் முழுக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். தவறென்று தெரிந்தால் மாலை வரை காத்திருக்காதீர்கள். மற்றதெல்லாம் பழக்கத்தில் வரும்.

அன்று கரையில் நடந்த இன்னொன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பாதி மூட்டைகள் அடுக்கியாயிற்று. ஏகாம்பரமும் நானும் எதிரெதிரே நின்று மூட்டை கைமாற்றிக்கொண்டிருந்தோம். அவர் சிறையில் கிடந்த அந்தப் பதினோரு நாளும் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. இதைவிட்டால் வேறு சமயம் கிடைக்காது என்று தோன்றியது.

“பெரியவரே, அந்த வரியைத் தப்பாக எழுதியது நான்தான். என்னால்தான் நீங்கள் உள்ளே...” என்று ஆரம்பித்தேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண் முழுவதும் தண்ணீரின் மேல் இருந்தது.

“அதெல்லாம் அப்புறம்பா. அந்த மூட்டைய நல்லாப் புடி” என்றார்.

பிடித்தேன்.